குடைக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை

பனிமூட்டத்தில் கம்பெனி வண்டி தாமதமாக வந்த ஒரு திங்கட்கிழமைக் காலையில்தான் அந்த யோசனை எனக்குத் தோன்றியது. வண்டி அன்று நேரத்துக்கு வந்திருந்தால் இந்நேரம் கிடாரோ ஜப்பானிய மொழியோ கற்றுக்கொண்டிருப்பேன். எதையாவது கற்றுக்கொள்ளாமல் என்னால் மூன்று மாதம் சும்மா இருக்க முடியாது. ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து அந்த டிசம்பரோடு ஐந்து மாதமாகியிருந்தது. உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது.

வைட்ஃபீல்டில் எங்கள் பெண்கள் ஹாஸ்டலிலிருந்து நூறடி தள்ளி வண்டி நிற்கும். பலகை, கூரை எதுவும் கிடையாது. ஒரு காலி மனையின் முள்வேலிக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்போம், வண்டி வரும், ஏறுவோம். எல்லோரும் ஒரே கம்பெனி. கழுத்தில் அட்டை, அட்டைக்கு மேல் ஸ்வெட்டர், காதில் பாட்டு. ஐந்து மாதத்தில் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதெல்லாம் "போயிடுச்சா?", "இன்னும் வரல" என்ற இரண்டே வாக்கியங்கள்தான்.

அன்று சாலையே தெரியவில்லை. எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மூன்றாவது மாடிக்கு மேல் எதுவும் இல்லை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் பின்னால் திரும்பினேன்.

வேலி முழுக்க வலை. கருங்கல் தூண்களுக்கு நடுவே நான்கு வரிசை முள்கம்பி; கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் சாப்பாட்டுத் தட்டு அளவிலும் உள்ளங்கை அளவிலும் சிலந்தி வலைகள். ஒவ்வொரு இழையிலும் பனித்துளிகள், இடைவெளி பிசகாமல் கோத்ததுபோல. கீழே காய்ந்த புல்லின்மேல் கைக்குட்டை காயப்போட்ட மாதிரி தட்டையான வலைகள் வேறு. இந்த வேலிக்குத்தான் ஐந்து மாதமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பதின்மூன்று வரை எண்ணினேன்.

பக்கத்தில் நின்ற பெண் எங்கள் ஹாஸ்டலில் அதே மாடியில் இருப்பவள். பெயர் தெரியாது. "பாருங்களேன்," என்றேன்.

ஒரு காதிலிருந்து மட்டும் பாட்டை எடுத்தாள். "வந்துடுச்சா?"

"வண்டி இல்ல. இது."

அவள் வேலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ம்," என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

மாலையில் வண்டியிலிருந்து இறங்கியதும் வேலியிடம் ஓடினேன். ஒன்றுமில்லை. கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது. குனிந்து, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் இழை தெரிந்தது, நிமிர்ந்தால் இல்லை. பனி இருந்தால்தான் வலை இருக்கும். பனி ஏழரை மணிக்குமேல் இருக்காது. அந்த நேரத்தில் அங்கே நிற்கிற எட்டுப் பேரில் ஏழு பேர் சாலையைப் பார்த்து நிற்கிறார்கள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். இதைப் படமெடுக்க வேண்டும். அதை ஒரே ஒருவராவது பார்த்து "அட!" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை, சத்தியமாக.

அந்த ஒருவர் யார் என்பதிலும் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்வேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அப்புறம் என்ன விசேஷம்?" "ஒண்ணும் இல்லம்மா." "அங்க என்னதான்டி இருக்கு?" "ஆபீஸ் இருக்கு." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். சொல்ல என்னிடம் எதுவும் இல்லாமல்தான் ஐந்து மாதம் போயிருந்தது. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் அது வாயால் சொல்கிற விஷயம் இல்லை.

ஆபீசில் எங்கள் குழுவின் சீனியர் ஒருவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மெத்தை, மிக்ஸி, ஹெல்மெட் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தவரிடம் பிலிம் கேமரா ஒன்றும் இருந்தது. கனமான கேமரா, எல்லாவற்றையும் கையால்தான் திருப்ப வேண்டும். கிட்டத்தில் இருப்பதை எடுக்க, லென்சுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி மாதிரி திருகிக்கொள்ளும் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். பாடம் காபி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. "உள்ள பாத்தா ஒரு ஊசி தெரியும். இத திருப்பு, இல்லன்னா அத திருப்பு. ஊசி நடுவுல நின்னா அமுக்கு. அவ்ளோதான் போட்டோகிராபி. இதுக்குப் போயி புக்கெல்லாம் எழுதறாங்க."

அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். ஊசி நடுவில் நிற்க வேண்டும். அதுதான் அந்தக் குளிர்காலத்தில் பாதியைத் தின்றது.

ஹாஸ்டல் கேட் காலை ஆறரைக்குத்தான் திறக்கும். ஹாஸ்டலை நடத்துகிற ஆன்ட்டி அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாக பெங்களூரில்தான். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். முதல் நாள் நான் கேமரா, குளியலறை பக்கெட், கறுப்புக் குடை மூன்றையும் எடுத்துக்கொண்டு கேட்டருகே நின்றபோது, சாவியைப் பூட்டில் வைத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாம்மா, எங்க போற?"

"இங்கதான் ஆன்ட்டி, எதிர்ல. போட்டோ எடுக்க."

"பக்கெட்ட எத்துக்கினா?"

"இத கவுத்து, மேல கேமராவ வெச்சா ஆடாது."

"கொடெ?"

"பின்னாடி வைக்கறதுக்கு."

"என்னமோப்பா. பக்கெட் ஹாஸ்டலோடது. சரியா? வாப்பஸ் பரபேக்கு." பக்கெட் திரும்பி வந்தாக வேண்டும் என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார்.

குடையின் கதை வேறு. அதற்கு முந்தைய நாள் வண்டிக்கு நிற்கும்போது கேமராவின் உள்ளே பார்த்தால் வலை, வெள்ளைப் பனியிலும் காய்ந்த புல்லிலும் கலந்து காணாமல் போனது. கல்தூணின் நிழல் பின்னால் விழுந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் பின்னால் கறுப்பு வேண்டும். "பெங்களூருல எப்பவும் மழையாம்" என்று அம்மா என் பெட்டியில் திணித்த அப்பாவின் பழைய குடை ஞாபகம் வந்தது. நீளக் காம்பு, வளைந்த மரப்பிடி, ஒரு பக்கம் கிழிந்த இடத்தில் அம்மா போட்ட ஒட்டுத் தையல். விரித்து, பிடியை வேலிக்குப் பின்னாலிருந்த உண்ணிச்செடிப் புதரில் மாட்டிவிட்டால், வலைக்குப் பின்னால் ஒரு குட்டி இரவு.

அது என்னவோ சொல்கிற அளவுக்கு எளிதாக இல்லை. முதல் நாள் குடையைக் கம்பிக்கு மேலாக நீட்டினேன். காம்பு கம்பியில் லேசாக உரசியது. வேலி முழுக்க ஒரு அதிர்வு. அடுத்த நொடி இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை எல்லா வலைகளிலும் பனித்துளிகள் உதிர்ந்துவிட்டன. யாரோ விளக்கை அணைத்ததுபோல. வெறும் கம்பி. நான் கையில் விரித்த குடையோடு, பக்கெட்டோடு, மழையில்லாத சாலையோரத்தில் நின்றேன். வண்டிக்கு வந்த ஏழு பேரும் அன்றைக்கு மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

மூலைத் தூணருகே அடிக்கம்பி தளர்ந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து அதன் வழியாகத் தவழ்ந்து உள்ளே போய், குடையை வைத்துவிட்டு, மறுபடி தவழ்ந்து வெளியே வந்தேன். ஸ்வெட்டரில் இரண்டு இடம் கிழிந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நல்ல பெரிய வலை ஒன்று. நடுவில் சிலந்தி தலைகீழாக, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் விரித்து உட்கார்ந்திருக்கும். அதன் மஞ்சள் பட்டைகளின் மேலும் பனி. மூச்சு விட்டால் வலை ஆடும்; மூச்சு விடாவிட்டாலும் பார்க்கிற கண்ணாடியில் நீராவி படியும். துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் காற்று. காற்று நின்றால் லாரி. எல்லாம் அடங்கி, ஊசியை நடுவில் நிறுத்தி, அமுக்குகிற நேரத்தில் ஹாரன், வண்டி வந்துவிடும். பக்கெட்டையும் குடையையும் ஹாஸ்டல் படியில் வீசிவிட்டு, முட்டியில் சேறோடு ஓடிப்போய் ஏறுவேன்.

பனி இல்லாத நாள், காற்றடிக்கிற நாள் போக, ஒரு ரோல் முடிய இரண்டு வாரமானது. முப்பத்தாறு படம். அந்த இரண்டு வாரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மீட்டிங்கில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது, ரோலுக்குள் இருட்டில் என் வலைகள் சுருண்டு கிடக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

ஜோகுபாளையத்தில் பிரிண்ட் போடுகிற கடை ஒன்றை சீனியர் சொல்லியிருந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும். வைட்ஃபீல்டிலேயே கடை இருந்தாலும் அங்கே போனேன். காரணம், அந்தத் தெருவில் தமிழில் சண்டை போடுவார்கள். தண்ணீர்க் குழாயருகே நின்று இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் நடப்பேன்.

கடையில் மெஷினைப் பார்த்துக்கொள்பவன் என் வயதுதான் இருப்பான். சுருட்டை முடி, நெற்றியில் விபூதி. ஒரு மணி நேரம் கழித்துக் கவரைக் கொடுத்தான். அங்கேயே பிரித்தேன்.

முப்பத்தாறு படத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு குடை. அம்மா போட்ட தையலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதற்கு முன்னால் திருநீற்றைத் தண்ணீரில் கரைத்துப் பூசியதுபோல ஏதோ வெள்ளையாக, கலங்கலாக. அதுதான் வலை.

"குடை நல்லா வந்துகீது மேடம்," என்றான். கேலியே இல்லை. "கம்பெனி விளம்பரமா?"

"இல்ல," என்றேன்.

"அப்ப?"

"சும்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கவரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

நான் விடுகிற ஆள் இல்லை. மறுநாளே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடித்தேடிப் படித்தேன். விஷயம் பிடிபட்டது. அந்த ஊசிக்குக் கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பல் என்றே நினைத்து அளக்கும். கறுப்புக் குடையைக் காட்டி ஊசியை நடுவில் நிறுத்தினால், குடையைச் சாம்பலாக்குகிற அளவுக்கு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், பனித்துளி வெளுத்துவிடும். ஷட்டரும் நேரமெடுத்து மூடுவதால் வலை ஆடிக் கலங்கும். கறுப்பு கறுப்பாகவே வர வேண்டுமென்றால் ஊசியை நடுவில் நிற்க விடக் கூடாது. இரண்டு படி கீழே இறக்க வேண்டும். கேமராவின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவைத்தேன்: "நடுவில் வேண்டாம்."

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடியில் ஒன்பது அறையில் என் அறையில் மட்டும் விளக்கு. சங்கராந்திக்கென்று ஆன்ட்டி எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "நல்லதே பேசும்மா," என்றார், கன்னடத்துக்காரர்கள் சொல்கிற மாதிரியே. பேசத்தான் ஆள் இல்லை. அவரைக்காய்க் குழம்பு மட்டும் மூன்று வேளையும் தவறாமல் இருந்தது. காலையில் ஆறரைக்கு வேலியருகே போனால் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆள் குறைவென்று வண்டியை அந்த வாரம் நிறுத்தியிருந்தார்கள், பஸ்ஸில்தான் ஆபீஸ்; எட்டுப் பேர் கிடையாது. பனி மட்டும் ஏராளம். மூன்றாம் தூண் சிலந்தியிடம், "ஆடாத, ஒரே ஒரு நிமிஷம்," என்று நான் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு, பால்கேனோடு சைக்கிளில் போன ஆள் ஒருவர் காலை ஊன்றி நின்று, யாரோடு பேசுகிறேன் என்று சுற்றிலும் தேடிவிட்டுப் போனார்.

இரண்டாவது ரோலை அந்த நாட்களில்தான் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஊசி இரண்டு படி கீழே. ஒன்றுகூடத் தப்பவிடவில்லை.

ஜோகுபாளையத்துக் கடையில் கவரைப் பிரித்தேன். சாம்பல் குடை. முப்பத்தாறு.

"இந்த வாட்டியும் குடைதானா மேடம்?" என்றான்.

கவரை மூடிப் பணத்தைக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. கடையில் அழுகிற வழக்கமில்லாததால் பஸ் ஸ்டாப் வரை தாங்கிக்கொண்டேன். படித்தது புரிந்தது, புரிந்ததைச் செய்தேன், செய்தும் வரவில்லை என்றால் நமக்கு வராது என்றுதானே அர்த்தம். அந்த ஞாயிறு அம்மா, "என்ன விசேஷம்?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா," என்றேன். அப்போது அது மறுபடியும் உண்மையாகியிருந்தது.

கேமராவைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பழையபடி சாலையைப் பார்த்து நிற்கத் தொடங்கினேன். பத்து நாள் இருக்கும். ஒரு காலை வண்டிக்கு நிற்கும்போது கண்ணில் பட்டது: காலி மனைக்குள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். நீளமாக, அறை அறையாக. மனையின் பின்பக்கம் மஞ்சள் நிறத்தில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று பனிக்குள் நின்றிருந்தது.

அன்று மாலை எதற்கு என்று தெரியாமலேயே இரண்டு கவரையும் எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். பிரிண்டுகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கூடவே சின்ன உறையில் நெகட்டிவ் துண்டுகள் இருந்தன. அதுவரை நான் அவற்றைத் தொட்டதுகூட இல்லை. முதல் ரோலில் ஒரு துண்டு, இரண்டாவது ரோலில் ஒரு துண்டு, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தேன்.

இரண்டும் ஒன்றாக இல்லை. முதலாவது அழுக்காக, அடர்த்தியாக இருந்தது. இரண்டாவது கிட்டத்தட்ட வெறும் பிளாஸ்டிக். நடுவில் மட்டும் மையால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள், கோட்டின்மேல் புள்ளிகள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அப்படியென்றால் குடை கறுப்பு. வலை வெள்ளை. படம் அங்கே இருந்தது! நெகட்டிவ் வேறு வேறாக இருக்க, பிரிண்ட் மட்டும் எப்படி ஒரே மாதிரி வரும்?

கடைக்குப் போகச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் மனை பொறுக்காது என்பது அதைவிட நிச்சயம். அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பனி இருந்தது. மூன்றாவது ரோலைப் போட்டேன். மனையின் பின்னால் இயந்திரம் தோண்டத் தோண்டத் தரை அதிர்ந்தது. அது வாளியைத் தூக்குகிற இடைவெளியில்தான் அமுக்க முடிந்தது. புதன்கிழமை ஏழு மணிக்கு இரண்டு பேர் மூலைத் தூணிலிருந்து கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்கள். வேலி முழுக்கத் துளிகள் நடுங்கின. முதல் தூண், இரண்டாவது தூண். நான் மூன்றாவதருகே பக்கெட்டின் மேலிருந்த கேமராவில் முகத்தை வைத்தபடி இரண்டு படம் எடுத்தேன். சிலந்தி அசையாமல் இருந்தது.

"மேடம், ஸ்வல்ப சைடு," என்றார் ஒருவர்.

நகர்ந்தேன். அவர் கையுறையோடு கம்பியை ஒரு இழுப்பு இழுத்துச் சுற்றினார். வலை எந்த நொடியில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. குடையை மட்டும் மடக்கிப் பணிவோடு என் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். இரண்டு நெகட்டிவ் துண்டுகளையும் அவன் முன்னால் வைத்து, "இது ரெண்டும் எப்படிங்க ஒரே மாதிரி பிரிண்ட் ஆச்சு?" என்று கேட்டேன். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வசனமெல்லாம் ரெடி.

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகத்தில் பெருமை தெரிந்தது. "நான்தான் மேடம் பண்ணேன். செகண்ட் டைம் ஃபுல்லா டார்க்கா வந்துகினு இருந்துச்சு. மெஷின் பாதி சரி பண்ணும், மீதி வெளிச்சத்த நாமதான் பட்டன்ல ஏத்தணும். பாவம், புதுசா கத்துக்கிறாங்க, போன தபா எவ்ளோ டல்லா போனாங்கன்னு, நான் ஒவ்வொண்ணா குந்திகினு ஏத்தினேன். முப்பத்தாறையும்."

துண்டுகளை எடுத்து உறைக்குள் போட்டேன். பஸ்ஸில் தயாரித்த வசனம் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"ஏன் மேடம், சரியா வர்லியா?"

"கறுப்பாவே வேணும்," என்றேன். "ஏத்தாதீங்க. ஒண்ணுமே ஏத்தாதீங்க. டார்க்கா வந்தா டார்க்காவே விடுங்க."

"டார்க்கா போச்சுன்னா ஓனர் என்னியதான் கேப்பாரு மேடம். கஸ்டமர் வாப்பஸ் குடுத்தா பேப்பரு வேஸ்டு."

"நான் வாப்பஸ் குடுக்க மாட்டேன்."

"அப்ப எய்தி குடுங்க."

கவரின் மேல் "கறுப்பாகவே வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாவது ரோலை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இந்த முறை நான் வெளியே சுற்றப் போகவில்லை. குழாயடிச் சண்டைகூட அன்று காதில் ஏறவில்லை.

மெஷினின் வாய் வழியாகப் பிரிண்டுகள் ஒவ்வொன்றாக வெதுவெதுப்போடு விழுந்தன. முதலில் இரண்டு, அசைந்துபோனவை. மூன்றாவதை அவன் எடுத்தான்; எடுத்தவன் எனக்குக் கொடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

சுத்தமான கறுப்பு. அதன் நடுவில் வலை, ஒரு இழை விடாமல், ஒவ்வொரு துளியும் தனித்தனியாக. பெருக்கல் குறிபோல் அந்தச் சிலந்தி.

"இன்னா மேடம் இது, நகையா?" என்றான். பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "ஐயே, பூச்சி!" என்று சிரித்தான். "எங்க மேடம் இது? காட்லயா?"

"வைட்ஃபீல்டுல."

"வைட்ஃபீல்டுலயா? போன வாரம்தான் எங்க மச்சானோட போனேன். அங்க ஒண்ணுமே இல்லியே."

"ஆமா," என்றேன். "இப்ப இல்ல."

அவன் "அட" சொன்னானா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லை. நகையா என்று கேட்டது அதற்குச் சமம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நான் குறிவைத்த "அட" இல்லை. அந்தப் படத்தை அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஆரணிக்குத் தபாலில் அனுப்பினேன். கடிதம் எதுவும் எழுதவில்லை. படமே பேசட்டும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் நினைக்கிற வயது.

அடுத்த ஞாயிறு பூத்தில் என் முறை வரும்வரை கால் தரையில் நிற்கவில்லை.

"போட்டோ வந்துச்சாம்மா?"

"வந்துச்சு, வந்துச்சு." அம்மாவின் குரலில் கவலை. "ஏன்டி, உங்க ஹாஸ்டல்ல ஒட்டடையே அடிக்கறது இல்லியா? மாசாமாசம் காசு வாங்கறாங்க இல்ல? இவ்ளோ பெரிய பூச்சி வேற. கடிச்சு கிடிச்சு வெச்சா என்னா பண்ணுவ? அந்த ஆன்ட்டிகிட்ட சொல்ல பயமா இருந்தா சொல்லு, நான் பேசறேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பூத்தின் கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். சிரித்து முடித்துவிட்டு ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஹாஸ்டல் இல்லம்மா. ரோட்டுல. வேலியில. காலையில எடுத்தது. பின்னாடி கறுப்பா இருக்கறது நம்ம குடை."

"குடையா? எந்தக் குடை?"

"அப்பா குடைதான்."

மறுமுனையில் ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. படத்தை எடுத்து வந்து பார்க்கிறாள் என்று புரிந்தது. "நான் ராத்திரின்னு நெனச்சேன்டி," என்றாள். "ராத்திரியில தனியா எங்கியோ போயி எடுத்திருக்கன்னு உங்க அப்பாவுக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல." பிறகு, "குடையில ஓட்டை கீட்டை எதுவும் பண்ணலயே?"

"இல்லம்மா."

"போட்டோன்னா யாராவது நிக்கணும். நீ நிக்கற இடம், கூட யாரு நிக்கறாங்க, அது தெரிஞ்சாதானே எனக்குத் தெரியும். இதுல நீயும் இல்ல, ஊரும் இல்ல. வெறும் கறுப்பு."

நான் ஹாஸ்டலுக்கு நடந்து வந்தேன். மனையில் அந்த நேரம் ஆளுயரத்துக்குப் பள்ளம் இருந்தது. கல்தூண்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அந்தக் கறுப்புக்காகத்தானே இரண்டு மாதம் தவழ்ந்தேன், ஸ்வெட்டரைக் கிழித்துக்கொண்டேன், கையெழுத்தெல்லாம் போட்டேன் என்று அம்மாவோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தேன். கேட்டுக்கு வருவதற்குள் தோற்றுப்போனேன். அங்கே என்னதான் இருக்கிறது என்பது அவள் கேட்ட கேள்வி. அங்கே இருந்த எல்லாவற்றையும் நான் ஒரு குடையால் மறைத்து அனுப்பியிருக்கிறேன்.

இது நடந்து ஒன்பது மாதமாகிறது. மனையில் இப்போது நான்கு மாடி எழும்பி, ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறார்கள். எங்கள் வண்டி எங்களிடம் வருவதற்கு முன் நிற்கும் இடத்தில் இன்னொரு காலி மனை இருக்கிறது. அதே கருங்கல் தூண், அதே நான்கு கம்பி. அங்கே ஐந்து பேர் ஏறுகிறார்கள். போன மாதத்திலிருந்து நான் ஒரு நிறுத்தம் பின்னால் நடந்துபோய் அங்கேதான் ஏறுகிறேன். ஐந்து பேரும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பிக்கொண்டார்கள். ஆறாவது ஆளாகச் சேர்ந்துவிட்டேன். மழை விட்டுவிட்டது. நேற்று இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலை, பனி இல்லாமல், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி.

இந்த முறை குடை இல்லை. வேலிக்கு உள்ளே போய், சாலையைப் பார்த்து நான் உட்காரப் போகிறேன். அங்கே சூரியன் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. எதிரே இருக்கிற கட்டடத்துக்குப் பக்கவாட்டில் அது எட்டிப்பார்க்கிற நாலைந்து நிமிடம், பனி இன்னும் உதிராமல் இருந்தால், வலை தானாகவே எரியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வலைக்குப் பின்னால் அந்த ஐந்து பேரின் முதுகும் ஸ்வெட்டரும், மங்கலாகவாவது வர வேண்டும். ஊசி எங்கே நிற்க வேண்டும் என்று இதுவரை தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே அது என்ன சொல்லும் என்று எங்கும் படித்தும் பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு வலைக்கும் ஐந்து படி, மேலும் கீழும், எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். பக்கெட்டுக்கு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். நானும் அதில் நிற்க வேண்டும் என்றால், கேமராவில் பத்து நொடி கழித்து அமுக்கும் நெம்புகோலைத் தட்டிவிட்டு, அங்கேயும் தளர்ந்திருக்கிற அடிக்கம்பிக்குக் கீழே தவழ்ந்து, வேலியில் எங்கேயும் உரசாமல், அந்த ஐந்து பேரோடு போய் நிற்க வேண்டும். பத்து நொடி. கம்பி ஒரு தடவை அதிர்ந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். நேற்று மாலை யாரும் இல்லாதபோது ஒத்திகை பார்த்தேன். பதினான்கு நொடி ஆனது.

இன்று மாலை மறுபடி போகிறேன். ஸ்வெட்டர் இல்லாமல்.